துணையோடு பறக்கும்போது பக்கத்துப் பக்கத்துச் சீட் வாங்குவது எப்படி: காரைக்குடிப் பக்கமிருந்து கிளம்புபவர்களுக்கு

நம் பக்கத்தில் பல வீடுகளில் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருக்கிறார்கள். மகளின் பேறுகாலத்துக்குப் போகும் அம்மா, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் ஐயாவும் அப்பத்தாவும் என்று பெரியவர்கள் பறப்பது இப்போது சாதாரணம். தனியாக அனுப்பப் பயந்துதான் கூட ஒருவர் போகிறார். ஆனால் விமானத்துக்குள் ஏறினால் பெரியவருக்கு 4-ஆம் வரிசை, துணைக்குப் போனவருக்கு 27-ஆம் வரிசை.

எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. அம்மாவுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. தமிழைத் தவிர வேறு மொழி வராது. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் "சேர்த்துத்தான் போட்டிருக்கேன்" என்றார். கவுண்டரில் "உள்ளே போய் மாத்திக்கலாம்" என்றார்கள். உள்ளே "ஃபுல்லா இருக்கு மேடம்" என்றார்கள். கழிவறைக்கு எழுந்து போக வேண்டி வந்தால் யாரிடம் கேட்பது என்ற பயத்தில் அம்மா இறங்கும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்புறம் விதிகளைப் படித்தும், கவுண்டரில் வேலை பார்த்தவர்களிடம் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறோம்" என்பது வெறும் வேண்டுகோள். டிக்கெட்டில் இரண்டு பேருக்கும் சீட் எண் அச்சாகியிருந்தால்தான் அது சீட். கீழே சொல்லும் எல்லாமே அந்த இரண்டு எண்களைக் கையில் வாங்குவதற்கான வேலைகள்.

1. இரண்டு பேரையும் ஒரே பி.என்.ஆரில் பதியுங்கள்

ஆறு எழுத்து, எண் கலந்த பதிவுக் குறியீடுதான் பி.என்.ஆர். இரண்டு பேர் பெயரும் ஒரே குறியீட்டின்கீழ் இருந்தால் விமான நிறுவனத்தின் கணினிக்கு நீங்கள் ஒரு கூட்டம். வேறு வேறு குறியீடு என்றால், தாயும் மகளுமாகவே இருந்தாலும், யாரோ இரண்டு பயணிகள்.

இதில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள். நிறுவனங்கள் டிக்கெட்டுகளை விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கின்றன. மலிவான அடுக்கில் ஒரே ஒரு டிக்கெட் மிச்சமிருக்கும்போது ஒரு ஆளுக்குத் தேடினால் அந்த விலை காட்டும். இரண்டு ஆளுக்குத் தேடினால் இரண்டு பேருக்குமே அடுத்த அடுக்கின் விலை வரும். உடனே, "தனித்தனியாப் போட்டா அறுநூறு ரூபாய் மிச்சம்" என்று யாராவது சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த மிச்சம் சேர்ந்து உட்கார இரண்டு சீட் வாங்குவதிலேயே போய்விடும். பெரியவரோ குழந்தையோ கூட வருகிறார் என்றால் பிரிக்காதீர்கள்.

பிரிக்காமல் முடியாத நேரங்களும் உண்டு. ஒருவருக்குக் கம்பெனி டிக்கெட் போட்டிருக்கும். மூத்த குடிமக்கள் சலுகையையும் சாதாரணக் கட்டணத்தையும் ஒரே பதிவில் ஏற்காத தளங்களும் இருக்கின்றன. அப்போது இரண்டு குறியீடுகளையும் கையில் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, இருவரும் சேர்ந்து பயணிப்பதாக இரண்டு பதிவிலும் குறிப்பு ஏற்றச் சொல்லுங்கள். டிராவல்ஸ்காரர்கள் இந்தக் குறிப்பை 'டி.சி.பி.' என்பார்கள். முழுச்சேவை விமானங்களில் இது பல நேரம் கைகொடுக்கும். மலிவுக் கட்டண விமானங்களில் இதை நம்பி இருக்காதீர்கள், சீட்டைக் காசு கொடுத்தே வாங்குங்கள்.

ஒரே பதிவில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பல நிறுவனங்கள் இருவரின் பெட்டி எடையையும் சேர்த்துக் கணக்கிடும். ஊரிலிருந்து மனகோலமும் சீப்புச் சீடையும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் எந்த ஒரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது.

2. பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்

சீட் எடுக்க விமான நிறுவனத்தின் தளத்தில் நுழையும்போது பி.என்.ஆரும் குடும்பப் பெயரும் கேட்கும். நம்மவர்கள் திணறுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொருவருக்குக் கணவர் பெயர், மூன்றாமவருக்கு அந்த இடமே காலி. காலியாக இருந்தால் டிக்கெட்டில் சொந்தப் பெயரையே இரண்டு தடவை போட்டிருப்பார்கள், அல்லது அதைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டிருப்பார்கள்.

இ-டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பெயருக்கு நடுவில் ஒரு சாய்கோடு இருந்தால், கோட்டுக்கு முன்னால் இருப்பதுதான் கணினிக்குக் குடும்பப் பெயர். அதை எழுத்து மாறாமல் அடித்தால் பதிவு திறக்கும். பாஸ்போர்ட்டுக்கும் டிக்கெட்டுக்கும் பெயரில் வித்தியாசம் தெரிந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். நாள் கடந்தால் செலவு கூடும், கவுண்டரில் நின்றுகொண்டு செய்ய முடிகிற வேலையும் இல்லை. பெயர்ப் பிரச்சினையில் ஒருவரை ஓரமாக நிறுத்திவைத்தால் அதற்குள் மற்ற சீட்டெல்லாம் போய்விடும்.

3. டிராவல்ஸில் எடுத்தால் இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ டிராவல்ஸில் எடுப்பதில் தப்பே இல்லை. நல்ல ஏஜெண்ட் என்றால் பாதி வேலை குறையும். காசு கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இருவரும் ஒரே பி.என்.ஆரா? அந்த பி.என்.ஆர். விமான நிறுவனத்தினுடையதா, தளத்தினுடைய சொந்த எண்ணா? சீட் எண் இப்போதே போட்டுத் தருவீர்களா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். டிக்கெட் விற்கும் தளங்களுக்கென்று தனி முன்பதிவு எண் உண்டு. அதை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டால் திறக்காது. அதே மாதிரி, இடைத்தளத்தில் காசு கட்டி எடுத்த சீட் சில நேரம் விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தே இருக்காது. எங்கே வாங்கினாலும் அன்றைக்கே நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் திறந்து, இருவர் பெயருக்கு நேரேயும் சீட் எண் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஒரு நிறுவனம் விற்று இன்னொரு நிறுவனம் ஓட்டும் விமானங்களும் உண்டு. டிக்கெட்டில் 'இயக்குவது' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். சீட் கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் ஓட்டுபவரிடம். அவரிடம் உங்கள் பதிவுக்கு வேறு குறியீடு இருக்கலாம், அதையும் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் விமானம் மாறிப்போகும் பயணம் என்றால் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகச் சீட் எடுக்க வேண்டும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர்வரை சேர்ந்து போய், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஏழு எட்டு மணி நேரம் பிரிந்து போன குடும்பங்கள் இருக்கின்றன.

4. விமானத்தின் உள் அமைப்பைப் பார்த்துச் சீட் தேர்ந்தெடுங்கள்

திருச்சி, மதுரையிலிருந்து பறக்கும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை விமானங்களில் நடைவழிக்கு இருபுறமும் மூன்று மூன்று சீட். ஏ ஜன்னல், பி நடு, சி நடைவழி. அந்தப் பக்கம் டி நடைவழி, ஈ நடு, எஃப் ஜன்னல். சென்னைக்குப் பறக்கும் சின்ன ஏ.டி.ஆர். விமானத்தில் இருபுறமும் இரண்டிரண்டுதான். இரண்டு பேர் போக இதைவிட வசதி கிடையாது, நடுச் சீட் என்ற தொல்லையே இல்லை. அதில் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம் இருப்பதால், முட்டிவலி உள்ளவர்களுக்குக் கடைசி வரிசைகளே நல்லது.

வெளிநாட்டுக்கு மாறிப் போகும் பெரிய விமானங்களில் ஏ330 என்றால் பொதுவாக 2-4-2 அமைப்பு. ஓரத்து இரண்டு சீட்டையும் பிடித்துவிட்டால் மூன்றாம் ஆள் தொந்தரவு கிடையாது. போயிங் 787-இல் 3-3-3.

பெரியவர்களோடு போனால் எனக்குப் பிடித்தது சி-யும் பி-யும். பெரியவரை நடைவழியில் உட்கார வைத்து நான் நடுவில் உட்காருவேன். அவர் யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். அடுத்தடுத்து இரண்டு கிடைக்காவிட்டால் ஒரே வரிசையில் சி-யும் டி-யும் பாருங்கள். இடையில் நடைவழி மட்டும்தான், கை நீட்டினால் எட்டும், மாத்திரையும் தண்ணீரும் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் முன்னும் பின்னுமாக எடுங்கள். பின்சீட்டில் இருப்பவர் முன்சீட்டில் இருப்பவரைக் கவனிக்க முடியும். இதைச் சொல்கிறவர்கள் குறைவு, ஆனால் முழு விமானத்தில் இதுதான் எளிதாகக் கிடைக்கும்.

ஏ-யும் சி-யும் எடுத்து நடுவை விட்டுவிட்டால் அது காலியாகவே போகும் என்று சிலர் சொல்வார்கள். கூட்டமில்லாத விமானத்தில் பலிக்கும். கூட்டமுள்ள விமானத்தில் நடுவில் ஒருவர் வந்துவிடுவார். வந்தாலும் பயமில்லை, ஜன்னலையோ நடைவழியையோ கொடுத்தால் மறுப்பவர் அரிது.

அவசர வழிக் கதவுக்கு அருகிலுள்ள வரிசையைப் பெரியவருக்கு வாங்கவே வாங்காதீர்கள். கால் நீட்ட இடம் தாராளமாக இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே உட்காருபவர் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க உதவ வேண்டும், பணியாளர் சொல்வது புரிய வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், தள்ளாதவர்கள் அங்கே உட்கார முடியாது. கவுண்டரிலோ விமானத்துக்குள்ளோ பெரியவரை மட்டும் எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காசும் கொடுத்து, பிரிந்தும் போவீர்கள்.

5. காசு கொடுத்துச் சீட் வாங்கலாமா?

கணக்கை முதலில் முழுதாகப் போடுங்கள். சீட் கட்டணம் ஒரு ஆளுக்கு, ஒரு விமானத்துக்கு. இரண்டு பேர் ஓரிடத்தில் விமானம் மாறிப்போய், அதேபோல் மாறித் திரும்பி வந்தால் எட்டுக் கட்டணம். ஒன்று 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,000 ஆகிறது. உள்நாட்டில் சாதாரண வரிசைகள் சில நூறு ரூபாயில் கிடைக்கும். முன்வரிசையும் கால் நீட்டும் வரிசையும் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதே வரிசைக்கு விலை நாளுக்கு நாள் மாறும். பெட்டி எடை, சாப்பாடு, சீட் மூன்றும் சேர்ந்த கட்டண வகை பல நிறுவனங்களில் இருக்கிறது. பெட்டி எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பல நேரம் அதுவே மலிவு.

என் கருத்து இது. இரண்டு பேரும் திடமானவர்கள், சென்னைவரை ஒரு மணி நேரம்தான் என்றால் காசு கொடுக்க வேண்டாம். காது கேளாதவர், சர்க்கரை நோயாளி, ஞாபகம் தடுமாறுபவர், முதல் தடவை பறப்பவர் கூட வந்தால் யோசிக்காமல் கொடுங்கள், அதுவும் டிக்கெட் எடுக்கும்போதே. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் போகும்போது மட்டும் கொடுத்துவிட்டு, வரும்போது வெப் செக்-இன்னில், அதாவது விமானம் கிளம்புமுன் இணையத்திலேயே சீட் எடுத்துப் பயணத்தை உறுதிசெய்யும்போது, முயன்று பார்க்கலாம்.

குழந்தைகளுக்கு மட்டும் விதியே துணை நிற்கிறது. 12 வயதுவரையுள்ள பிள்ளைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்தில் சீட் ஒதுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் நாட்டின் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இதில் மூன்று சொற்களைக் கவனியுங்கள்: அதே பி.என்.ஆர்., ஒருவர், 12 வயது. அப்பா அம்மா இருவரும் சேர்ந்தே வேண்டும் என்று இதை வைத்துக் கேட்க முடியாது. பிள்ளையின் பிறந்த தேதியைப் பதிவில் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் நகலையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. வெப் செக்-இன் திறக்கும் நேரத்திலேயே செய்யுங்கள்

காசு கொடுக்காமல் சேர்ந்து உட்கார இருக்கும் ஒரே நல்ல வாய்ப்பு இது. நிறுவனத்தைப் பொறுத்து 48 மணி நேரம் முன்போ 24 மணி நேரம் முன்போ திறக்கும். உள்நாட்டுக்கு ஒரு கணக்கு, வெளிநாட்டுக்கு வேறு கணக்கு என்று வைத்திருப்பவர்களும் உண்டு. டிக்கெட் எடுத்த அன்றே தளத்தில் பார்த்துக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள்.

நள்ளிரவு விமானங்களில் தேதி குழப்பிவிடும். 15-ஆம் தேதி அதிகாலை 12:30-க்கு விமானம் என்றால் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவது 14-ஆம் தேதி மாலை. 48 மணி நேரக் கணக்கில் செக்-இன் திறப்பது 13-ஆம் தேதி 12:30-க்கு, அதாவது 12-ஆம் தேதி இரவு படுக்கும் நேரத்தில். சென்னையிலிருந்து விமானம் பிடிக்கப் பல்லவனில் போகிறவர்கள், ரயிலில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வழியில் சிக்னல் போய்ப் போய் வரும், பாதியில் நின்றால் சீட் படம் மாறிவிடும்.

செய்யும்போது இருவர் பெயரையும் சேர்த்தே டிக் செய்யுங்கள். ஒருவரை முடித்துவிட்டு அடுத்தவரை எடுத்தால் பக்கத்துச் சீட் இருக்காது. சீட் படம் வந்ததும் அவசரமாகத் 'தவிர்' பொத்தானை அழுத்தாதீர்கள். அதை அழுத்தினால் கணினி இஷ்டத்துக்கு ஒதுக்கும், அப்புறம் மாற்றக் காசு கேட்கலாம். இலவசச் சீட்டுகள் பெரும்பாலும் பின்வரிசைகளில் இருக்கும். கடைசி வரிசை சாயாது, கழிவறை பக்கம், அதனால் மற்றவர்கள் ஒதுக்குவார்கள். பெரியவரோடு போகிறவர்களுக்குக் கழிவறை பக்கத்தில் இருப்பது நல்லதுதானே.

விற்காமல் மிஞ்சும் முன்வரிசைகளைக் கடைசியில் கவுண்டரில் இலவசமாகத் தருவது உண்டு. அதற்காகச் செக்-இன் செய்யாமல் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தனி ஆளுக்கு அது சரிப்படலாம். இரண்டு பேருக்குச் சேர்ந்து கிடைக்கும் என்று பெரியவரை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

7. சக்கர நாற்காலியும் கைக்குழந்தையும்

சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள், பிந்தினால் 48 மணி நேரத்துக்கு முன்னாவது சொல்லிவிடுங்கள். சில நிறுவனங்களில் சக்கர நாற்காலி கேட்டவருக்கு வெப் செக்-இன் திறக்காது, கவுண்டருக்குத்தான் வர வேண்டும். அப்படியானால் உங்களுக்கு மட்டும் செக்-இன் செய்து ஒரு சீட்டைப் பிடித்துவிடாதீர்கள். முதலில் சேவை மையத்துக்குப் போன் செய்து இருவருக்கும் சேர்த்துச் சீட் போடச் சொல்லுங்கள். காது கேட்காது என்பதையும் அந்தப் பேச்சிலேயே பதியச் சொல்லுங்கள், ஏனென்றால் அது பார்த்தால் தெரியாது.

மடியில் குழந்தையோடு இரண்டு பேர் சேர்ந்து போனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று சீட் கொண்ட ஒரு பக்கத்தில் பொதுவாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகள்தான் இருக்கும். அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தைக்கு மேல் அனுமதிக்க மாட்டார்கள். அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு போனால் நடைவழிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று எடுங்கள்.

8. விமான நிலையத்தில்

வெளிநாட்டு விமானத்துக்குக் கவுண்டர் பெரும்பாலும் 3 மணி நேரம் முன் திறக்கும், 60 முதல் 75 நிமிடம் முன் மூடிவிடும். திறக்கும்போதே நிற்பதுபோல் கிளம்புங்கள். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகப் போனால் நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

கையில் இருக்க வேண்டியவை: இருவர் பாஸ்போர்ட், சீட் எண் தெரியும்படி அச்சிட்ட இ-டிக்கெட், சீட்டுக்குக் காசு கட்டிய ரசீது, பெரியவருக்கு மருத்துவர் கடிதம் இருந்தால் அதுவும். சிங்கப்பூர் போகிறவர்கள் வருகை அட்டையை அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

வரிசையில் இருவரும் சேர்ந்தே நில்லுங்கள். பாஸ்போர்ட்டுகளை ஒன்றாகக் கொடுங்கள். போர்டிங் பாஸை வாங்கியதும் கவுண்டரைவிட்டு நகர்வதற்கு முன் எண்களைப் பாருங்கள், ஏனென்றால் விமான வகையை மாற்றியிருந்தால் சீட்டும் மாறியிருக்கும். பிரிந்திருந்தால் அங்கேயே, "அம்மாவுக்குக் காது கேட்காது, நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும், சி-டி கிடைத்தாலும் போதும்" என்று காரணத்தோடும் மாற்று வழியோடும் கேளுங்கள். "சேர்த்துக் கொடுங்க" என்று மட்டும் கேட்பதைவிட இது பலிக்கும், அவர் தேடத் தோதாக இருக்கிறது. முடியாது என்றால் ஏறும் வாசலில் இருப்பவரிடம் இன்னொரு தடவை கேட்கலாம். வராமல்போன பயணிகளின் சீட்டுகள் அப்போது அவருக்குத் தெரியும்.

9. உள்ளே போனபின்

இன்னும் பிரிந்தே இருந்தால், பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். நீங்கள் கொடுப்பது அவர் சீட்டைவிட மட்டமாக இருக்கக் கூடாது. நடைவழிக்கு நடைவழி, ஜன்னலுக்கு ஜன்னல். நடுச் சீட்டைக் கொடுத்து ஜன்னலைக் கேட்பது நியாயமில்லை, அவரும் காசு கொடுத்திருப்பார். ஆகவே பெரியவரின் பக்கத்தில் இருப்பவரை உங்கள் இடத்துக்கு அழைப்பதா, உங்கள் பக்கத்தில் இருப்பவரைப் பெரியவர் இடத்துக்கு அனுப்புவதா என்பதில் எந்தச் சீட் நல்லதோ அதைக் கொடுங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். சொல்லாமல் நீங்களாக இடம் மாறவும் கூடாது. சின்ன விமானத்தில் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே பாதுகாப்புக் கணக்கு.

மாறவே முடியாவிட்டால், பெரியவரின் சீட் எண்ணைப் பணியாளரிடம் காட்டி, தண்ணீர், சாப்பாடு, கழிவறை மூன்றையும் சொல்லுங்கள். பக்கத்தில் தமிழர் யாராவது இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை. பெல்ட் விளக்கு அணைந்ததும் நீங்களே போய்ப் பார்க்கலாம்.

10. காசு கட்டிய சீட் கிடைக்காவிட்டால்

நிறுவனமே உங்களை மாற்றியிருந்தால் சீட் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள். சீட் எண் இருந்த டிக்கெட்டின் படம், கட்டிய ரசீது, வேறு எண் அச்சான போர்டிங் பாஸ் மூன்றையும் இணைத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பயணத்தை நீங்களே மாற்றினாலோ ரத்து செய்தாலோ சீட் காசு பெரும்பாலும் வராது. டிராவல்ஸ் வழியாகக் கட்டியிருந்தால் பணம் அவர் கணக்குக்கே திரும்பும், அவரிடமும் சொல்லி வையுங்கள். பதிலே வரவில்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலோ செயலியிலோ அதே மூன்று தாள்களையும் ஏற்றிப் புகார் பதியலாம். போர்டிங் பாஸைப் பணம் கணக்கில் ஏறும்வரை தூக்கிப் போடாதீர்கள்.